மாமியின் மில்லுக்கு நான் ஒட்டிய சிவப்பு

சிவப்பு ஸ்டிக்கரின் பின்தாளை உரிக்க நகம் வேண்டும். அன்றைக்கு எவ்வளவு சுரண்டியும் அது உரியவில்லை.

மாமியின் மில்லுக்குள் குந்தியிருந்தேன். அரிசி மா அரைக்கும் மில். எனக்கு முன்னால் மோட்டர், பக்கத்தில் என் சோதனைப் பெட்டி. வாசலில் ஏழெட்டுப் பெண்கள், தலைமுழுகிய ஈரச் சேலையோடு, ஊறவைத்து வடித்த பச்சரிசிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சேலைத் தலைப்பிலிருந்து சொட்டிய தண்ணீர் சீமெந்துத் தரையில் ஓடி வந்து என் காற்சட்டையை நனைத்தது. ஊறிய அரிசியின் மணமும் சூடேறிய மோட்டரின் மணமும் சேர்ந்து வந்தன.

எல்லாரும் நான் சுரண்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமி கதவு நிலையோடு ஒட்டி நின்றார். என் மனைவி வசந்தியின் தாய். அவருடைய வீட்டில்தான் நான் இருந்தேன். அவர் சமைத்த சோற்றைத்தான் தின்றேன். இப்போது அவருடைய மில்லுக்கே ‘பாவிக்கக் கூடாது’ என்று ஒட்டிக்கொண்டிருந்தேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்கு மாதச் சம்பளம் வாங்கிய ஆள் எங்கள் ஊரில் நான் ஒருவன்தான்.

ஒருவழியாக உரிந்தது. மோட்டரின் நெற்றியில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, எழுந்தேன்.

மாமி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகளைப் பார்த்தார்.

“மகள், எப்ப துறக்கலாமெண்டு அவரிட்டக் கேளு.”

நான் இரண்டு எட்டுத் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பெட்டி என் கைக்கு வந்த கதை

போன வாரக் குறிப்பைப் படித்த ஒரு வாசகர், “ஏன் எப்போது பார்த்தாலும் தலைகுனிந்தபடியே எழுதுகிறீர்கள்?” என்று கேட்டிருந்தார். என்ன செய்வது? மோட்டரும் தண்ணீர் சுடவைக்கும் கேத்திலும் குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கும் எப்போதும் தரையோரத்தில்தான் இருக்கின்றன. அவற்றைச் சோதிப்பவன் நிமிர்ந்து நின்று என்ன பார்ப்பது?

நான் வெல்லாவெளிப் பக்கத்தான். எங்கள் வயல்வட்டைக்கு வரம்பு தெரியும், வாய்க்கால் தெரியும், மின்சாரம் மட்டும் தெரியாது. பட்டணத்துக்கு வந்து வயரிங் வேலை பழகினேன். எனக்கு முதலில் படிந்த பாடம், சந்தேகமான சாமானை உள்ளங்கையால் தொடக் கூடாது, புறங்கையால் தொட வேண்டும் என்பது. மின்சாரம் பாய்ந்தால் கை இறுகும். உள்ளங்கையால் தொட்டவன் பிடியை விட மாட்டான். புறங்கையால் தொட்டவனுக்கு ஒரு உதறல், பிறகு ஒரு கெட்ட வார்த்தை, அவ்வளவுதான்.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்து போன பிறகுதான் இந்தப் பெட்டி என் கைக்கு வந்தது. கரையோரக் கடைகளில் இருந்த குளிர்சாதனப் பெட்டி, பிளெண்டர், தையல் மெசின், மில் எல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறிப் போயிருந்தன. எங்கள் சனம் என்ன செய்தது தெரியுமா? கிணற்றுத் தண்ணீர் அள்ளி ஊற்றி, தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பிளக்கைக் குத்தியது. மீனைக் கழுவிக் கருவாடு போட்டுப் பழகிய கைகள். உப்புப் போனால் எல்லாம் சரி என்று நினைத்தார்கள். பலருக்கு மின்சாரம் அடித்தது. ஒன்றிரண்டு உயிரும் போனது.

பிறகு ஒரு உதவி நிறுவனம் சிறு கடைக்காரர்களுக்குப் புதுச் சாமான்கள் கொடுத்தது. கொடுத்த சாமான்கள் ஆளைக் கொல்லாமல் இருக்கின்றனவா என்று காலத்துக்குக் காலம் பார்க்க என்னை வைத்தது. நல்லதென்றால் பச்சை ஸ்டிக்கர். மின்சாரம் கசிந்தால் சிவப்பு. சிவப்பு ஒட்டினால் திருத்தி முடியும்வரை அந்தச் சாமானைத் தொடக் கூடாது.

கேட்க நல்ல வேலை மாதிரித்தான் இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும். வீடு போய், ஆள் போய், கூடாரத்தில் கிடந்து, கடைசியில் ஒரு புதுக் குளிர்சாதனப் பெட்டியைக் கண்டு பொட்டு வைத்துப் பூச் சூட்டியிருப்பான் ஒருவன். நான் போய் அதன் நெற்றியில் சிவப்பை ஒட்டுவேன். கல்லடி என்ற ஊரில் குளிர்பானம் விற்கும் கூல்பார்க்காரர் ஒருவர் எனக்குத் தேத்தண்ணி தந்து, நான் குடித்து முடியும்வரை பொறுத்திருந்து, ஆறஅமரக் கேட்டார்.

“கடல் எடுத்தது காணாதெண்டு நீயும் எடுக்க வந்தியா தம்பி?”

வெறும் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கடையைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் அதன் பிறகு நான் சைக்கிளை மற்ற ஒழுங்கையால், பின்சந்தால், விடுவேன்.

சென்றியில் ஒரு கேத்தில்

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதியைச் சொல்லிவிட வேண்டும்.

வாவிக்கு அப்பால் படுவான்கரைச் சனம் சண்டையில் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் நிறைந்திருந்த காலம். ஒவ்வொரு சந்தியிலும் சென்றி, இராணுவக் காவலரண். கறுப்புப் பெட்டி, அதிலிருந்து சிவப்பு வயர், கறுப்பு வயர், நடுவில் முள் ஆடும் மீட்டர். இப்படி ஒரு சாமானோடு சைக்கிளில் போகிறவனை அந்தக் காலத்தில் யார்தான் சும்மா விடுவான்? ஒரு சென்றியில் என்னை இறக்கிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். நான் நடுக்கத்தில் தமிழும் சிங்களமும் கலந்து விளக்கினேன். விளங்கவில்லை. கடைசியில் மண்மூட்டைக்குப் பின்னால் இருந்த அவர்களுடைய கேத்திலைக் காட்டி, “இதைச் சோதித்துக் காட்டு” என்று சைகை செய்தார்கள்.

சோதித்தேன். கேத்தில் நன்றாகக் கசிந்தது. சிவப்புக்குத் தகுதியான கேத்தில்.

நான் பல்லைக் காட்டி “ஹொந்தய், ஹொந்தய்”, நல்லது நல்லது, என்று சிங்களத்தில் சொல்லிப் பச்சையை ஒட்டினேன். அவர்கள் சிரித்தார்கள், முதுகில் தட்டினார்கள், போ என்றார்கள். எந்நேரமும் ரப்பர் அடிச் சப்பாத்தோடு நிற்பவர்களுக்கு என்ன நடந்துவிடப் போகிறது என்று வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

வீட்டுக்கு வந்து இதை வசந்தியிடம் பகிடியாகச் சொன்னேன். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனைவியிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை ஆண்கள் காலம் பிந்தித்தான் படிக்கிறார்கள்.

இடையில் ஒரு மகள்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் கட்டியவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்கு வருவான். அப்படித்தான் நான் கரையோர நாவற்குடாவுக்கு வந்தேன். அப்படித்தான் மாமியின் மூத்த மகனும் கல்யாணம் கட்டி வன்னிக்குப் போயிருந்தான். மாமா நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

மாமி என்னோடு நேரே பேச மாட்டார். கோபம் இல்லை, மரியாதை. மருமகனுக்கு முன்னால் நேரே நின்று கதைப்பது அவர் வளர்ந்த முறையில் இல்லை. “மகள், அவருக்கு இன்னொரு மீன் போடு.” “மகள், மழை வரும்போல கிடக்கு, குடை கொண்டு போகச் சொல்லு.” மூன்று பேரும் ஒரே குசினிக்குள் இருப்போம். நான் “போதும், காணும் மாமி” என்று நேரே சொல்வேன். “காணுமாமா? கொஞ்சமாத் திண்டா எப்பிடி வேலை செய்யிற?” என்று அவர் மகளைக் கேட்பார்.

வசந்தி இல்லாத நேரம் பூனையைப் பார்த்துப் பேசுவார்.

கடலுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல சாமான் அந்த மில். வீட்டுக்கு முன்னால் தகரம் போட்டு, சீமெந்து இழுத்து, மோட்டருக்கு மேலே சுவரில் கண்ணகி அம்மன் படமும் மாட்டியிருந்தார். செருப்புப் போட்ட கால் உள்ளே வரக் கூடாது. “சோறாகிற மா சிந்துற இடம்கா. செருப்பக் கழட்டு” என்று யாரையும் வாசலிலேயே நிறுத்திவிடுவார். என் வேலையைப் பார்க்க வந்த எங்கள் நிறுவனத்து வெள்ளைக்காரத் துரையையும் செருப்பைக் கழற்றவைத்தார்.

ரப்பர் செருப்பு ஒரு சின்னக் காவல். அதைக் கழற்றினால் ஈரத் தரையில் வெறும் கால். இதை நான் வசந்தி வழியாகச் சொல்லிப் பார்த்தேன். வசந்தி வழியாகவே பதில் வந்தது.

“கண்ணகி அம்மாள் பார்த்துக்கொள்ளுவாவாம்.”

மாரியில் பச்சை, கச்சானில் சிவப்பு

அந்த வைகாசியில் வடக்கில், வன்னியில், சண்டை முடிந்துகொண்டிருந்தது. வானொலியைப் போடவும் பயம், போடாமல் இருக்கவும் முடியாது. மாமியின் மகனிடமிருந்து நெடுநாளாகத் தகவல் இல்லை. எங்கள் ஊரில் பல வீடுகளில் அதே கதை.

வைகாசியில் எங்கள் பக்கத்து அம்மன் கோயில்களில் குளிர்த்தி நடக்கும். ஊரை எரித்த அம்மனின் கோபத்தைக் குளிர்விக்கிற சடங்கு. அந்த வருடம் பெண்கள் எல்லாரும் வன்னியில் இருந்த தங்கள் ஆட்களுக்காக நேர்த்திக்கடன் வைத்திருந்தார்கள். மாவிளக்கு நேர்த்தி. தலைமுழுகி, ஈரச் சேலையோடு வந்து அரிசி அரைத்து, அந்த மாவில் விளக்குச் செய்து அம்மன் முன்னால் ஏற்ற வேண்டும். மாமியும் மகனுக்காக வைத்திருந்தார். தன் மில்லில், தன் கையால் அரைத்த மாவில்.

பூமணி அக்கா என்று பக்கத்து வீட்டுப் பெண். ஒரு காலை மில்லிலிருந்து வெளியே வந்து சிரித்தபடி சொன்னார்.

“மில்லில கை வச்சா குறுகுறுக்குது கா! அம்மாள் உள்ளுக்க இருக்கா போல.”

நான் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மழைக்காலத்தில் அதே மில்லைச் சோதித்துப் பச்சை ஒட்டியவன் நான்தான். அதில் பிழையில்லை. மோட்டரில் கசிகிற மின்சாரம் நிலத்துக்குப் போவதற்காக ஒரு கம்பியை மண்ணில் இறக்கியிருப்போம். எங்கள் மண்ணோ கடற்கரை மணல். மாரியில் ஈரமாக இருக்கும், மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும். வைகாசியில் கச்சான் காற்று அடித்து மணலை வறுத்துவிடும். பிறகு அந்தக் கம்பி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கசிந்தது போக வழியில்லாமல் மில்லின் உடம்பிலேயே காத்துக்கொண்டிருக்கும். ஈரச் சேலையோடும் வெறுங்காலோடும் யாராவது வந்து தொட்டால், அவர் வழியாகப் போகும். மோட்டரின் கசிவும் மாரியில் இருந்ததைவிடக் கூடியிருந்தது. அதைக் கழற்றிப் பட்டணத்தில் திருத்தக் கொடுக்க வேண்டும், கம்பியைக் கிணற்றடியில் ஆழமாக இறக்க வேண்டும். குளிர்த்திக்கு முன்பு ஒன்றும் முடியாது.

இதெல்லாம் எனக்கு விளங்கியது. வாசலில் நின்ற பெண்களுக்கு விளங்கியது வேறு. மாரியில் நல்லதென்று சொன்னவன், அம்மாளுக்கு அரைக்கிற நேரம் பார்த்துக் கூடாதென்கிறான்.

அன்றைய பகல் வசந்தி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

“எல்லாருக்கும் அரைக்க வேணாம். அம்மாட ஒரு சுண்டு அரிசிய மட்டும் அரைக்க விடுங்க. அண்ணனுக்கு வச்ச நேர்த்தி.”

“ஒரு சுண்டு அரிசியா ஒரு மூட்டையா எண்டு கறண்டுக்குத் தெரியாது.”

“அப்ப நீங்க செருப்புப் போட்டுக்கொண்டு அரைச்சுக் குடுங்க.”

சரி என்றேன். அவள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். செருப்புக் காலோடு அரைத்த மாவில் அம்மாளுக்கு விளக்கு வைக்க மாட்டாராம்.

“அதுக்கு நான் என்ன செய்ய?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அரசாங்க உத்தியோகத்தர் மாதிரி இருந்தது.

வசந்தி வாளியைக் கீழே வைத்தாள்.

“சென்றிக்காரன்ட கேத்திலுக்கு ஒட்டாத சிவப்ப அம்மாட மில்லுக்கு ஒட்டினீங்க, என்ன?”

துவக்குக்கு முன்னால் பச்சை, மாமிக்கு முன்னால் சிவப்பு. இளிச்சவாயன் தலையில் மிளகாய் அரைப்பது என்று சொல்வார்கள். நான் அரைத்தது என் மாமியின் தலையில். சிவப்பு ஒட்டியது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் ஒட்டுவேன். ஆனால் அந்தச் சரியை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் நிமிர்ந்து நடக்க என்னால் முடியவில்லை.

பின்னேரம் மாமி அரிசிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஈரச் சேலையோடு, ஒழுங்கை தாண்டி வேறொருவருடைய மில்லுக்கு நடந்து போனார். அந்த மில் எங்கள் நிறுவனம் கொடுத்ததல்ல. அதைத் தொட்டுப் பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை. அங்கே ஒருத்தி, “சொந்த மருமகனே பூட்டின மில்லாமே” என்று கேட்டதாக வசந்தி சொன்னாள்.

இதற்குப் பிறகு நான் எழுதப்போவதுதான் கஷ்டமானது.

என் வேலையில் ஒரு சாபம் உண்டு. நான் சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காவிட்டால் நான் செய்ததை யாரும் அறிய மாட்டார்கள். பூட்டிய மில்லைக் கண்டு சனம் “சும்மா பூட்டினான்” என்றே சொல்லும். அந்த நாட்களில் எனக்குள் ஒரு ஆசை வளர்ந்தது. எங்கேயாவது ஏதாவது நடக்க வேண்டும். உயிர் போக வேண்டாம். யாருக்காவது மின்சாரம் ஒரு நல்ல தட்டுத் தட்டினால் போதும். “அவன் சொன்னது சரிதான்” என்று ஊர் ஒருதரம் சொன்னால் போதும். தெருவில் யாராவது கத்தினால் காது விறைத்தது. குழந்தைகள் விளையாடிக் கத்தியது என்று தெரிந்ததும் ஏமாற்றமாக இருந்தது.

இதை இத்தனை வருடமும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

கோயில் வீதியில்

குளிர்த்தியன்று கோயில் வீதியெங்கும் இரும்புக் கம்பங்கள் நட்டு, ரியூப் லைட் கட்டி, லவுட்ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். பட்டப்பகலிலும் எரியவிட்டிருந்தார்கள். அந்த வயர்களைக் கண்டதும் எனக்குக் கை அரித்தது. ஒருக்கால் சோதித்துப் பார்க்கட்டுமா என்று கோயில் நிர்வாகத்தில் இருந்த ஒருவரைக் கேட்டேன்.

“அம்மாளுக்குமா சிவப்பு ஒட்டப் போறாய்?” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வீதி ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டேன்.

பகல் பூசை தொடங்கியது. உடுக்கு அடித்தது. வேப்பிலையும் கற்பூரமும் மணத்தன. பெண்கள் மாவிளக்குத் தட்டுகளோடு வரிசையாக நின்றார்கள். யார் பெயரையும் யாரும் உரக்கச் சொல்லவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. மாமியும் நின்றார், ஈரச் சேலையில், வெறுங்காலில், இடது கையில் தட்டு. நிற்க முடியாமலோ என்னவோ வலது கையால் பக்கத்துக் கம்பத்தைப் பிடித்திருந்தார்.

அவர் உடம்பு நடுங்கத் தொடங்கியது.

முதலில் கை. பிறகு தோள். பிறகு தலை பின்னால் போனது. பல் கடித்தது. கம்பத்தைப் பிடித்த கை விடவேயில்லை. உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்திருந்தார்.

சுற்றி நின்ற பெண்கள் கைகூப்பினார்கள். “அம்மாளே! தாயே!” என்று கத்தினார்கள். மாமி அதற்கு முன்பு ஒருநாளும் உரு வந்து சாமியாடியதில்லை. எனக்கு அந்தக் கம்பமும் அதில் சுற்றியிருந்த வயரும் மட்டுமே தெரிந்தன.

“கறண்ட்! கறண்ட்! தொடாதீங்க!”

கத்திக்கொண்டே ஓடினேன். பந்தல் போட்டு மிஞ்சிய பலகை ஒன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அந்த ஓட்டத்தில் எனக்குள் என்ன இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ‘பார்த்தீர்களா? நான் சொன்னேனே!’ அதுதான் இருந்தது. சந்தோஷம். காலில் சிறகு முளைத்தது மாதிரி ஒரு சந்தோஷம். அந்தப் பெண்களையும், சிரித்த நிர்வாகத்தாரையும், வசந்தியையும்கூட நினைத்தேன். துடித்துக்கொண்டிருந்தது என் மாமி என்பது அதற்குப் பிறகுதான் வந்தது.

பலகையால் மாமியின் கையில் ஓங்கி அடித்தேன். கை விடுபட்டது. அவர் மணலில் விழுந்தார். தட்டும் விழுந்தது. மாவிளக்கு உடைந்து சிதறியது. திரி மணலுக்குள் புதைந்து அணைந்தது.

உடுக்கு நின்றுவிட்டது. லவுட்ஸ்பீக்கர் மட்டும் ஏதோ இரைந்தது.

நான் புறங்கையால் கம்பத்தைத் தொட்டேன். ஒன்றுமில்லை. இன்னொரு இடத்தில் தொட்டேன். ஒன்றுமில்லை. சட்டைப் பையிலிருந்து, மின்சாரம் இருந்தால் விளக்கெரியும் டெஸ்ரரை எடுத்து வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. மேலும் கீழும் வைத்துப் பார்த்தேன். கம்பம் சுத்தமாக இருந்தது. பச்சை ஒட்டக்கூடிய கம்பம்.

உரு வந்த பெண்ணைப் பலகையால் அடித்து விழுத்திய மருமகனாக, ஊர் முழுக்கப் பார்க்க, நான் டெஸ்ரரோடு நின்றேன்.

யாரோ ஒருவன் சிரித்தான். ஒரு கிழவி என்னைப் பார்த்து மணலில் துப்பினாள். கட்டாடியார், எங்கள் கோயில் பூசாரி, வந்து மாமியின் முகத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். வசந்தி குனிந்து, மணலோடு சேர்த்து மாவை அள்ளித் தட்டில் போட்டாள். என்னை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. அவள் அண்ணனுடைய நேர்த்தி அந்தத் தட்டில் இருந்தது.

பூமி பிளந்து விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

மாமியின் பாய்

மில்லைப் பிறகு திருத்தினோம். மோட்டரைப் பட்டணத்தில் கொடுத்துத் திருத்தி, கிணற்றடி ஈரத்தில் கம்பியை ஆழமாக இறக்கி, கசிந்தால் தானே மின்சாரத்தை வெட்டும் ட்ரிப் சுவிச்சும் போட்டு, நானே சோதித்துப் பச்சை ஒட்டினேன். பூமணி அக்காதான் முதல் அரிசி கொண்டுவந்தார். மில் நெடுங்காலம் ஓடியது. மாமியின் மூத்த மகனைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது குளிர்த்தியன்றைய பின்னேரத்தை.

நான் வீட்டுக்குள் போகவில்லை. கிணற்றடியில் துவைக்கிற கல்லில் இருந்தேன். உடுப்புகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வெல்லாவெளிக்கே போய்விடலாமா என்று யோசித்தேன். உள்ளே மாமி பாயில் படுத்திருந்தார். கை முழங்கை வரை வீங்கி, மருந்துப் பற்றுப் போட்டிருந்தார்கள். பார்க்க வந்த பெண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். போகிறபோது என்னைப் பார்த்தவர்களும் உண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு.

“மருமகன்.”

வசந்தியிடம் என்னைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வசந்தி வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவள் கண்களும் ஆச்சரியத்தில் விரிந்திருந்தன.

“மருமகன், இஞ்ச வாங்க.”

போய்ப் பாய்க்குப் பக்கத்தில் குந்தினேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் வலிக்காத கையைத் தூக்கி மறித்தார்.

“ஊர்ச்சனம் சிரிக்கும். சிரிக்கட்டும். வந்தவளுகளிட்டச் சொல்லிப்போட்டன், என்ட மருமகனப் பத்தி என்ட வீட்டு முத்தத்தில நிண்டு ஒரு கதை கதைக்க ஒண்ணாது எண்டு.”

“மாமி, நான்...”

“நீங்க சொல்லக்குள்ள மில்லத் துறப்பம். அதுவரைக்கும் துறக்க வேணாம். ஒரு மாசமெண்டாலும் சரி.”

வசந்தி கதவோரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். மாமி அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் அன்றுதான் கண்டேன். கண்ணிமையில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது.

“உரு வந்தாலும் கண்ணுக்கு எல்லாம் தெரியும் மகனெ. நீங்க ஓடி வரக்குள்ள உங்கட முகத்த நான் கண்டன்.”

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

“என்ன கண்டீங்க மாமி?”

“பயம்,” என்றார். “தாய்க்கு என்னவும் ஆகப்போகுதெண்டு புள்ளைக்கு வாற பயம். என்ட மூத்தவன் இஞ்ச நிண்டிருந்தாலும் அப்பிடித்தான் ஓடி வந்திருப்பான்.”

வீங்கிய கையை மெல்ல நகர்த்தி என் முழங்காலில் வைத்தார்.

“ஓம் மாமி,” என்றேன். “நல்லாப் பயந்திட்டன்.”